மழைக்காலத்துக்கு ட்ரெட்மில் வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 46, உயரம் 5 அடி 2 அங்குலம், நிறை 84 கிலோ. போன வருடம் சீனி இருப்பது தெரிந்து மெட்ஃபோர்மின் எடுக்கிறேன். டொக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். மே பிறந்தால் மழை விடுவதில்லை. பின்னேர வகுப்பு முடிந்து வீடு வர இருட்டிவிடும்; தோட்ட ரோட்டில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. இறக்கத்தில் இறங்கினால் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஹட்டனில் ஒரு கடையில் 2.5 எச்.பி. (குதிரைவலு) ட்ரெட்மில் 185,000 ரூபாய். தவணைக்கு என்றால் முற்பணம் 35,000, பிறகு 12 மாதம் 15,500 வீதம். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மெஷின் ஒன்று 70,000க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். எங்களுடையது புதிய 550 சதுர அடி வீடு, முன்னறை 10க்கு 9 அடி. 70 வயது அம்மாவும் பாவிக்கக்கூடியதாக எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

இப்போதைக்கு இரண்டு மெஷினையும் விட்டுவிடுங்கள். உங்கள் முன்னறைக்கும், தோட்டத்து லைனில் வரும் கரண்டுக்கும், நம் பக்கத்து ஈரத்துக்கும் ட்ரெட்மில் ஒத்துவராது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். கடைக்காரர் நாளைக்கு வேறொரு மொடலைக் காட்டினாலும் அதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுப் பாவனைக்கான ட்ரெட்மில் ஏறத்தாழ ஐந்தரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். கடையில் டேப் வைத்து அளந்து காட்டுவது அவ்வளவுதான். கால் இடறினால் ஓடும் பெல்ட் ஆளைப் பின்னுக்குத் தள்ளும். அதற்காகப் பின்பக்கம் 2 மீற்றர், அதாவது ஆறரை அடி வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அரை மீற்றர். கூட்டினால் நீளம் மட்டும் 12 அடி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயக் காம்பரா ஒன்றின் முழு நீளம் அது. உங்கள் முன்னறையில் மெஷினை முன்சுவரோடு ஒட்டி வைத்தாலும் பின்னால் நாலரை அடிதான் மிஞ்சும், அதிலும் கதிரைகள் இருக்கும். பின்சுவர் கிட்ட இருந்தால் விழுந்தவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வார். தோல் உரிந்து தீப்புண் போல வரும் காயங்கள் அப்படித்தான் ஏற்படுகின்றன. உயரத்தையும் பாருங்கள். பெல்ட் நிலத்திலிருந்து 6, 7 அங்குலம் மேலே இருக்கும். வீட்டிலேயே உயரமானவரின் உயரத்தோடு அதையும் கூட்டி, நடக்கும்போது எழும்புவதற்கும் கை வீசுவதற்கும் ஓரடிக்குக் குறையாமல் விட வேண்டும். அளப்பது கூரை சரிந்து தாழும் பக்கத்தில்.

அடுத்தது கரண்ட். 2 எச்.பி. மோட்டார் முழுப் பாரத்தில் ஏறத்தாழ 1500 வாட் வேலை செய்யும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்; 6 சதவீதம் கூடிக் குறையலாம் என்பது விதி, அதாவது 216 முதல் 244 வரை. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை ஆறரைக்கு மேல், எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் கேத்தலும் போடும் நேரத்தில், அது அதற்கும் கீழே இறங்கலாம். நீங்கள் பயிற்சி செய்யப்போவதும் அதே நேரத்தில்தான். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும்; உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்ட் சூடேறிக் கருகும். ட்ரெட்மில்லில் அதிகச் செலவு வைக்கும் பழுது அதுதான். எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, மாலை ஏழு மணிக்கு வீட்டில் இஸ்திரிக்கையைப் போட்டுவிட்டு மல்டிமீற்றரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்ஜுக்கு வாங்கிய சின்ன ஸ்டெபிலைசரை இதற்குப் பூட்டக்கூடாது, அது தாங்காது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் கூடாது. எர்த் பின்னை விட்டுவிட்டு இரண்டு பின் அடாப்டரில் சொருகுவது உயிரோடு விளையாடுவது. மெஷினின் உடம்பு முழுக்க இரும்பு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம் என்பதால் பாவிக்காத நேரத்தில் பிளக்கைக் கழற்றியே வைக்க வேண்டும்.

ஈரம் மூன்றாவது. பெல்ட்டுக்குக் கீழே இருக்கும் பலகை பெரும்பாலும் அழுத்திய மரத்தூள் பலகைதான். மாதக்கணக்காக மூடுபனியும் மழையும் உள்ள வீட்டில் அதன் விளிம்பு ஊதும். ஊதிய பலகையில் பெல்ட் உரசும், உரசினால் மோட்டாருக்குப் பாரம் கூடும், பிறகு மேலே சொன்ன அதே போர்ட்தான் போகும். உருளைகளில் துரு பிடிக்கும். சுவரோரத்தில் வைத்து பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் கெடும். கொழும்பில் எட்டு வருடம் ஓடும் மெஷினை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

கடைக்காரர் சொன்ன 2.5 எச்.பி.யைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டாருக்கு இரண்டு அளவு உண்டு. ஒரு கணம் எட்டக்கூடிய உச்ச சக்தி ஒன்று, தொடர்ந்து தரக்கூடிய சக்தி இன்னொன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் உச்சத்தை. நீங்கள் கேட்க வேண்டியது தொடர் சக்தி எவ்வளவு என்பதை. உங்கள் நிறைக்கு, நடப்பதற்கு மட்டும் என்றாலும், தொடர் சக்தி 2 எச்.பி.க்குக் குறையக்கூடாது, மெஷின் தாங்கும் நிறை உங்கள் நிறையை விட 20 கிலோவாவது கூட இருக்க வேண்டும். மெதுவாக நடந்தால் மோட்டாருக்குச் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வேகம் குறைந்தால் மோட்டாரோடு சுற்றும் காற்றாடியும் மெதுவாகச் சுற்றும், ஒவ்வொரு அடிக்கும் முழு நிறையையும் இழுக்க வேண்டியிருக்கும், சூடு கூடும்.

தவணையைக் கூட்டிப் பாருங்கள்: 35,000, அதோடு 15,500 பன்னிரண்டு தடவை 186,000, மொத்தம் 221,000. கைக்காசு விலையை விட 36,000 ரூபாய் கூட. மெஷின் ஆறாம் மாதம் நின்றுபோனாலும் தவணை நிற்காது. வாரண்டி என்று சொல்வது பெரும்பாலும் மோட்டாருக்கும் சட்டகத்துக்கும்தான் நீண்ட காலம் இருக்கும். போர்ட்டுக்கும் பெல்ட்டுக்கும் எத்தனை மாதம், திருத்துபவர் தலவாக்கலைக்கு வருவாரா, அல்லது நீங்கள்தான் லொறி பிடித்து அனுப்ப வேண்டுமா என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

ஜப்பான் மெஷினில் ஆபத்து வேறு. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் 100 என்று இருந்தால், நம் பிளக்கில் போட்ட கணத்தில் போர்ட் எரியும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் தனியாக வேண்டும். ட்ரெட்மில் இழுக்கும் வாட்டை விட ஒன்றரை மடங்காவது பெரியதாக, அதாவது 2000 வாட்டுக்கு மேல். அது பாரமான, சூடேறும், விலை கூடிய சாமான். 70,000 என்ற விலையில் அது சேர்க்கப்பட்டிருக்காது. பெல்ட் கிழிந்தால் அதே அளவில் புதிது கிடைப்பதும் சிரமம். உறவுக்காரர் யாராவது பாவித்த ட்ரெட்மில் வாங்கப் போனால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: வாங்கப் போகிறவரே அதில் ஏறி 20 நிமிடம், மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் நடக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டுவது சோதனை இல்லை. கருகல் வாடை வருகிறதா, மோட்டார் மூடி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதா, கால் ஊன்றும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் தயங்குகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி விரல் விட்டுத் தடவினால் பலகையில் சிலிக்கோன் எண்ணெயின் வழுவழுப்புத் தெரிய வேண்டும். காய்ந்து சொரசொரப்பாக இருந்தால் கைவிடுங்கள்.

இனி உங்கள் முழங்கால். ஏற்றத்தில் இல்லாத வலி இறக்கத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. இறங்கும் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தத் தசை பலவீனமாக இருந்தால் முழங்கால் சில்லு மூட்டில் அழுத்தம் கூடும். சமதளத்தில் நடக்க ட்ரெட்மில் உதவும் என்பது உண்மைதான், ஆனால் தொடைத் தசையை அது பெரிதாக வளர்க்காது. எனவே உங்கள் முதல் உபகரணம் வீட்டிலிருக்கும் கதிரை. இருக்கை 17, 18 அங்குல உயரமுள்ள, கை இல்லாத, ஆடாத மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை நெஞ்சில் கட்டி எழும்புங்கள், மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக உட்காருங்கள். பத்துத் தடவை, ஓய்வு, மீண்டும் பத்து. முழங்கால் வலித்தால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்துங்கள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். கிழமைக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள்.

மூச்சு வாங்கும் பயிற்சிக்குப் படி இருக்கிறது. 4 அங்குல உயரப் படியில் தொடங்கி, மூன்று நான்கு கிழமையில் 6 அங்குலத்துக்குப் போங்கள். தச்சரிடம் செய்விப்பதென்றால் 2 அடி நீளம், 16 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத தடிப்புள்ள பலகை, மேலே இறப்பர் விரிப்பு, அடியில் நான்கு மூலையிலும் இறப்பர் துண்டு. வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கீழே, இடது கீழே: இது ஒரு தடவை. நிமிடத்துக்கு 20 தடவை 6 அங்குலப் படியில் ஏறி இறங்கினால் வேகமாக நடப்பதற்குச் சமமான உழைப்பு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முன்வைக்கும் காலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே முழங்கால் முழுப் பாரத்தையும் வாங்கும். பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். வேகம் சரியா என்பதற்கு அதுவே அளவு.

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும். சீனி உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் மெதுவாகப் படி ஏறி இறங்குவதோ வீட்டுக்குள் நடப்பதோ சாப்பாட்டால் ஏறும் சீனியைக் குறைக்கும். அதற்கு எந்தச் சாமானும் வேண்டியதில்லை.

காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம், தசைப் பயிற்சிக்கு இழுக்கும் எலாஸ்டிக் பேண்டும் (இறப்பர் பட்டி) டம்பெல்லும். பேண்டில் மெல்லியது, நடுத்தரம் என்று இரண்டு போதும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பனியின் பச்சை இன்னொரு கம்பனியின் சிவப்பாக இருக்கும், இழுத்துப் பார்த்தே எடுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, சின்ன வெட்டு இருந்தாலும் தூக்கி எறியுங்கள். அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு தொடக்கூடாது, எண்ணெய் பட்டால் இறப்பர் உளுத்துப்போகும். கதவில் மாட்டி இழுப்பதென்றால், நீங்கள் இழுக்கும் பக்கத்துக்குக் கதவு திறக்காததாக இருக்க வேண்டும், தாழ்ப்பாளும் போட்டிருக்க வேண்டும்.

டம்பெல்லில், தட்டுகளைக் கழற்றி மாட்டக்கூடிய சோடி வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 கிலோ வரை. கம்பியின் தடிப்பும் தட்டின் துளையும் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். 25 மில்லிமீற்றர் கம்பியில் 30 மில்லிமீற்றர் துளைத் தட்டு போட்டால் ஆடும், 28 கம்பியில் 25 துளை ஏறவே ஏறாது. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சீமெந்து நிரப்பியவை மலிவு. கீழே போட்டால் ஓடு வெடித்து உள்ளே இருப்பது கொட்டும். வார்ப்பிரும்புதான் நல்லது, மாதமொருமுறை தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் துரு அண்டாது. வாங்கும்வரை ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ. அதிலேயே காய்ந்த மணலை நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரை.

இவற்றோடு ஆறு கிழமை செய்யுங்கள். கலண்டரில் செய்த நாளுக்கு ஒரு கோடு. 42 நாளில் 24 கோடாவது விழுந்தால் மெஷின் வாங்கும் தகுதி அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே என்றால் மெஷினும் உடுப்புக் காயப்போடும் கொடியாகத்தான் முடியும், உங்கள் நேரத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

தகுதி வந்தால் நான் சொல்வது உடற்பயிற்சி சைக்கிள், அதிலும் மிதிப்பைக் காந்தத்தால் கடினமாக்கும், காந்தத் தடை உள்ளது. தடையைக் கூட்டிக் குறைக்கத் திருகு குமிழ் உள்ள சாதாரண மொடலுக்குக் கரண்டே வேண்டாம். கணக்குக் காட்டும் சின்னத் திரைக்கு மட்டும் இரண்டு பென் பற்றரி. கரண்ட் போன இரவிலும் ஓடும். நாலடிக்கு இரண்டடி இடம் போதும், பின்னால் வெற்றிடம் விடத் தேவையில்லை. சில்லில் துணிப்பட்டை உரசும் மொடல்களை விடுங்கள், ஈரத்தில் பட்டை ஊறிப் பிடிக்கும். மிதிக்கும்போது உள்ளே சுற்றும் பாரச் சக்கரமான பறக்கும் சில்லு (flywheel) 6 கிலோவுக்குக் குறைந்தால் மிதிப்பு வெட்டி வெட்டி வரும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகாது.

கடையில் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பெடலை அடிக்குக் கொண்டுவந்து குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் இலேசாக மடங்கும். அதுதான் சரியான இருக்கை உயரம். பலர் தாழ்த்தி வைத்து மிதித்து வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். உங்கள் உயரத்துக்கு இருக்கையின் ஆகத் தாழ்ந்த துளையிலாவது இந்தப் பொருத்தம் வருகிறதா என்பதே முதற்கேள்வி. சில மொடல்களில் வராது. நடுச்சட்டம் தாழ்வாக, கால் தூக்கிப் போட இலகுவாக இருக்கட்டும். பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடது பெடலின் மரை தலைகீழானது, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் வலப்பக்கம் முறுக்கி, பெடல் பூட்டும் தண்டான கிராங்கின் மரையை அரைத்துவிடுவது சைக்கிள்களில் அடிக்கடி நடக்கும் கேடு. முதல் கிழமை முடிவில் இரண்டு பெடலையும் மீண்டும் ஸ்பனரால் இறுக்குங்கள். வைக்கும் இடம் குசினிப் புகையும் சுவர் ஈரமும் படாத மூலை. அடியில் இறப்பர் விரிப்பு, மேலே பழைய பருத்திச் சேலை.

கை கால் இரண்டும் அசையும் கிராஸ் ட்ரெய்னர் மலிவு விலையில் வேண்டாம். கால் எட்டி வைக்கும் தூரம் குறுகலாக இருக்கும், மெஷினின் மூட்டுகள் ஒரு வருடத்தில் கிறீச்சிடும். வயிற்றில் கட்டும் வியர்வைப் பட்டிக்கும் நின்றால் அதிரும் தட்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வியர்வையில் போவது தண்ணீர். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்க எந்தப் பட்டியாலும் முடியாது.

அம்மாவுக்கு நேரான சைக்கிளில் ஏறி இறங்குவதே விழுகைக்கு வழி. முதுகுச் சாய்வுள்ள தாழ்ந்த சைக்கிள் நல்லதுதான், ஆனால் அது ஐந்தடி நீளம் பிடிக்கும். அவருக்கும் அதே கதிரை. கையால் கதிரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து தடவை எழும்பி உட்காரட்டும். பிறகு குசினி மேசையைப் பிடித்து நின்று குதிக்காலைத் தூக்கி இறக்குவது பத்து, ஒரு காலில் நிற்பது பத்து விநாடி. 65 தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கிழமைக்கு மூன்று நாள் அவசியம். காலில் இறப்பர் செருப்பு வேண்டாம், இறுகப் பொருந்தும் சப்பாத்து.

தொடங்குவதற்கு முன் இருவரும் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இலவசமாகப் பார்ப்பார்கள். ஓய்வில் 180க்கு 110ஐத் தாண்டியிருந்தால் டம்பெல் பக்கம் போகாமல் டொக்டரிடம் போங்கள். பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியில் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. அம்மா கிளிக்ளசைட் போன்ற, சீனியை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் கதை வேறு. வெறும் வயிற்றில் செய்யக்கூடாது, இனிப்பு ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், முழங்கால் வீங்கிச் சுடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நம் குளிரில் உடம்பு சூடேறப் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். முடிந்ததும் பாதங்களைத் துடைத்து, விரலிடுக்கில் கொப்புளம் உண்டா என்று பாருங்கள்.

ஆறு கிழமை கழித்து, பார்த்து வைத்த சைக்கிளின் தாழ்ந்த இருக்கை உயரம், பறக்கும் சில்லின் நிறை, தாங்கும் நிறை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் உயரத்துக்குப் பொருந்துமா என்று அந்த மொடலை வைத்தே பதில் தருகிறேன்.